மடிச்சூடு

— இந்த ஐஸ் எங்கன வாங்குனது அண்ணாச்சி?

— பாளையங்கோட்டையிலதான் நர்சம்மா. ரத்தம் குடுத்த எடத்துலயே போட்டுக் குடுத்தாவ. நீங்க வெருசா ஏத்துங்க. எந்தங்கச்சி மூஞ்சியப் பாருங்க, காகிதமா வெளுத்துக் கெடக்கா.

— ஏத்துறதுக்குத்தான் கேக்கேன். காலம்பற பஸ் ஏறுனவரு, உச்சிக்கு வந்து நிக்கிய. சித்திரை வெயிலு. இம்புட்டு நேரம் தூக்குவாளிக்குள்ள வந்த ஐஸு, மூலை கூட மழுங்காம இருக்கே.

— சாக்கச் சுத்திப் பொத்திக் கொண்டாந்தேன், பாத்துக்கிடுங்க. அதான் கரையல.

— ஐஸ் மேல மரத்தூள் ஒட்டியிருக்கு.

— ஒட்டியிருந்தா?

— பிளட் பேங்க்ல மரத்தூள் போட மாட்டாவ. நான் அங்கன வேல பாத்தவ, கேட்டியளா. மரத்தூளுக்குள்ள ஐஸப் பொதச்சு வைக்கது நம்ம சங்கரங்கோயில் பஸ் ஸ்டாண்டு சர்பத் கடையில.

— சரி, வழியில கொஞ்சம் கரைஞ்சிட்டு. இங்கன எறங்குன ஒடனே ரெண்டு கட்டி வாங்கிப் போட்டேன். அது ஒரு குத்தமா?

— குத்தமே இல்ல, நல்ல காரியம். ஆனா பாட்டில்ல ஒட்டியிருக்க சீட்டு காய்ஞ்சு மொடமொடன்னு இருக்கு. கரைஞ்ச தண்ணிக்குள்ள கெடந்திருந்தா ஊறிப்போயி உரிஞ்சிருக்கும்லா?

— நீங்க நர்சா, இல்ல போலீசா?

— நர்சுதான். செல்வமணின்னு பேரு. நேத்து உங்கள ரத்தத்துக்கு அனுப்புனதே நான்தான். மூக்காண்டி அண்ணாச்சி, ஐஸ விட்டு வெளிய எடுக்கக் கூடாதுன்னு வாசல் வரைக்கும் பொறத்தாலயே வந்து சொன்னேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— அப்போ நெசத்தச் சொல்லுங்க. பாட்டில் எங்க இருந்துச்சு?

— வாளியிலதான்.

— அண்ணாச்சி, பஸ்ல உங்க கூட நான் வரல. டாக்டரும் வரல. நீங்க சொல்லுததுதான் எங்களுக்குக் கண்ணு. அது பொய்யின்னா நான் குருடியாத்தான் ஊசியக் குத்தணும்.

— என்னண்ணே, சண்டையா போடுத?

— ஒண்ணுமில்ல தாயி. நர்சம்மா பஸ்ஸப் பத்திக் கேக்காவ. நீ கண்ண மூடிப் படு.

— மாரித்தாயி, அசையாத. கையில சலைன் ஏறுதுல்லா. நீங்க இப்படித் தள்ளி வாங்க அண்ணாச்சி. இங்கன நின்னு சொல்லுங்க, அவளுக்குக் கேக்காது.

— தேவர்குளம் தாண்டுன ஒடனே டயர் வெடிச்சிட்டு. எல்லாரும் எறங்கி நின்னோம். வாளியத் தொறந்து பாத்தா ஐஸு பாதி தண்ணியாக் கெடக்கு. பாட்டில் எப்படியிருக்கோன்னு கைய விட்டேன். நர்சம்மா, பொணத்தத் தொட்ட மாதிரி இருந்துச்சு.

— ம்.

— எனக்கு மனசே ஆறல. பிள்ளை பெத்த உடம்பு, உள்ள இருந்த ரத்தம் பூராப் போயிக் கெடக்கா. அவ மேலுக்குள்ள இத எப்படி விட? அந்தக் குளுமை எறங்குனா பெறவு அவ எந்திரிப்பாளா? எடுத்துட்டேன். துண்டால தொடச்சு, சட்டைக்குள்ள விட்டு, வயித்தோட சேத்து மடியில கெட்டிக்கிட்டேன்.

— மூடியத் தொட்டியளா?

— மூடிய ஏன் தொடுதேன், எனக்கென்ன கிறுக்கா? அடுத்த பஸ்ல ஒரு புண்ணியவான் எந்திரிச்சு எடங் குடுத்தான். நான் ஒக்காரலியே. ஒக்காந்தா குலுங்கும்லா. ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால வயித்தோட அணைச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டேதான் வந்தேன். பனவடலிசத்திரம் வரும்போது தொட்டுப் பாத்தேன். நல்லாக் கதகதன்னு இருந்துச்சு. எனக்கு அப்பதான் உசுரே வந்துச்சு.

— பெறவு ஏன் ஐஸு?

— நீங்க ஏசுவியளேன்னுதான். வாசல் வரைக்கும் வந்து சொன்ன ஆளுல்லா. இப்ப நெசம் வந்துட்டு. பாட்டிலும் பழையபடி குளுந்துட்டு. ஏத்துங்க.

— ஏத்த மாட்டேன் அண்ணாச்சி.

— என்னது?

— இத ஏத்த முடியாது.

— நர்சம்மா, நான் செஞ்சது தப்புன்னா ரெண்டு ஏச்சு ஏசுங்க, வாங்கிக்கிடுதேன். அதுக்காக அவளத் தண்டிக்காதீங்க.

— தண்டனை இல்ல, கேட்டியளா. கறந்த பால நாலு நாழி மடியில கெட்டி வச்சிருந்தா என்ன ஆவும்?

— திரிஞ்சு போவும்.

— திரிஞ்சத ஐஸ்ல வச்சா மறுபடியும் நல்ல பாலாயிருமா?

— பாலு வேற, ரத்தம் வேற. பாட்டிலப் பாருங்க. நெறம் மாறல, கட்டி தட்டல. வேணும்னா மோந்து பாருங்க.

— கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதான் இதுல உள்ள சங்கடமே. ஒரு ஆளுகிட்ட ரத்தம் எடுக்கும்போது கையச் சோப்புப் போட்டுக் கழுவி, அயோடின் தடவி, காயவிட்டு, பெறவுதான் ஊசியக் குத்துவாவ. குழாயி, ஊசி, பாட்டிலு எல்லாத்தையும் ஆவியில வேகவச்சுத்தான் எடுப்பாவ. அம்புட்டும் செஞ்சாலும் தோலுல இருக்க கிருமி ஒண்ணு ரெண்டு ஊசியோட உள்ள போயிரும். குளுமையில இருந்தா அது தலை தூக்காது, மொடங்கிக் கெடக்கும். சூடு பட்டுச்சோ, ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு ஆயிரமாவும். உங்க மடிச்சூடு இருக்கே, அது கிருமிக்குப் பாய் போட்டுக் குடுத்த மாதிரி.

— அப்போ இதுல கிருமி இருக்குன்னு சொல்லுதிய.

— தெரியாது.

— தெரியாதா?

— தெரியாது அண்ணாச்சி. நல்ல ரத்தமாவும் இருக்கலாம். ஏத்துனா ஒண்ணும் ஆவாமலும் போவலாம். இல்ல, கால் பாட்டில் ஏறுததுக்குள்ள தூக்கித் தூக்கிப் போட்டு, ரத்த அழுத்தம் எறங்கி, ஆளு நம்ம கையில இல்லாமப் போவலாம். படிக்கும்போது அப்படி ஒரு ஆளப் பாத்திருக்கேன். திடகாத்திரமான மனுசன், காலு முறிஞ்சு வந்தவரு. இவளுக்கு உடம்புல எதிர்த்து நிக்கவும் தெம்பு இல்ல. நல்லாவும் இருக்கலாங்கதுக்காக நான் ஏத்த மாட்டேன்.

— டாக்டர்கிட்ட கேக்கேன்.

— கேளுங்க. தியேட்டர்ல இருக்காவ, இப்ப வந்துருவாவ. ஆனா மரத்தூள் ஐஸையும் சேத்துச் சொல்லணும், மடியில வச்சதையும் சேத்துச் சொல்லணும். பாதி சொல்லக் கூடாது.

— இந்தக் குரூப்பு லேசுல கெடைக்காதுன்னு சொன்னது நீங்கதான? பி நெகட்டிவோ என்னமோ. என் ரத்தத்தையும் பாத்திய, சேரலன்னிய. அவ புருசனுக்குத் தந்தி குடுத்திருக்கு, பட்டாளத்துல இருந்து அவன் வந்தாலும் சேருமோ சேராதோ. இந்த ஒரு பாட்டிலத் தவுத்தா வேற எங்கன இருக்கு? கையில இருக்கதக் கீழ ஊத்திட்டு வெறுங்கையோட நிக்கச் சொல்லுதிய.

— வெறுங்கை இல்ல. உதிரப்போக்கு நின்னுட்டு. சலைன் ஏறுது. ராத்திரி வரைக்கும் அவ தாங்குவா, அதுக்கு நான் பக்கத்துலயே இருப்பேன். போன் ஆபீஸ் ரூம்ல இருக்கு, பாளையங்கோட்டைக்கு டிரங்க் கால் போடுதேன். பாட்டில் இங்கன இருக்கட்டும். பிளாஸ்திரி ஒட்டி 'ஏத்தக் கூடாது'ன்னு எழுதியிருக்கேன். நீங்களும் தொடாதீங்க, வேற யாரையும் தொட விடாதீங்க.

— போங்க. போயிட்டு வாங்க.

— ஏண்ணே, ஏன் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டு நிக்க?

— ஒண்ணுமில்ல மாரி. ஒறங்கு.

— பிள்ளை எங்க?

— சித்தி மடியில இருக்கு. வராண்டாவுலதான். பால்பொடிப் பால வயிறு முட்டக் குடிச்சிட்டு ஒறங்குது.

— பாட்டில் கெட்டுப் போச்சாக்கும்?

— ஏட்டி, நீ ஒட்டுக் கேட்டுக்கிட்டா கெடந்த?

— ஒனக்கு ரகசியம் பேசத் தெரியுமா? களத்துல நின்னு பேசுத மாதிரிப் பேசுத. மடியில வச்சுக் கொண்டாந்தியாமே.

— ஆமா.

— என்னயும் அப்படித்தான தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச. ஆடு மேய்க்கப் போனாலும் இடுப்புல நான், பள்ளிக்கூடத்து வாசல்லயும் இடுப்புல நான். வாத்தியார் ஏசுனாருன்னு படிப்பையே விட்டுட்டு வந்தவன்தான நீ. அந்தச் சூட்டுல வளந்த நான் கெட்டா போயிட்டேன்? ஏத்தச் சொல்லுண்ணே.

— நர்சம்மா ஆவாதுங்கா.

— அவ சொல்லுவா. நீ அம்புட்டுத் தூரம் நின்னுக்கிட்டே வந்திருக்க. எனக்கு ஒண்ணும் ஆவாது. ஆனாலும் பரவால்ல.

— என்ன சொன்ன? ஆனாலும் பரவால்லயா?

— நீ இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கதப் பாக்க முடியலண்ணே. நாம கொண்டாந்ததக் கீழ ஊத்திட்டாவளேன்னு காலம் பூரா நெனச்சுக்கிட்டே இருப்ப. ஒன்னய எனக்குத் தெரியாதா.

— அப்போ எனக்காக ஏத்திக்கிடுதேன்னு சொல்லுத.

— பின்ன யாருக்காக?

— வாய மூடு. வெளிய ஒரு பச்சமண்ணு கெடக்கு, அதுக்குத் தாய் வேணும். எம் மனசு நோவக் கூடாதுன்னு நீ ஒண்ணும் ஏத்திக்கிட வேண்டாம். எம் மனசுக்கு என்ன, அது கெடந்துட்டுப் போவுது. நர்சம்மா வரட்டும், நானே சொல்லுதேன்.

— என்ன சொல்லப் போறிய அண்ணாச்சி?

— வந்துட்டியளா. அந்தப் பாட்டிலக் கொண்டு போயிருங்க நர்சம்மா. அவ கண்ணுல படுத மாதிரி இருக்க வேண்டாம். வேண்டாம்னு நானே சொல்லுதேன்.

— நல்லது. டாக்டர்கிட்டயும் வழியில சொல்லிட்டேன், அவுகளும் அதத்தான் சொல்லுதாவ. இன்னொன்னு கேளுங்க. பாளையங்கோட்டைக்குக் கால் கெடைச்சிட்டு. அங்கன காலேஜ்ல ஞானதுரைன்னு ஒரு வாத்தியார் இருக்காராம், இதே குரூப்பு. வகுப்பு முடிஞ்ச ஒடனே நேரா வந்து குடுக்கேன்னுட்டாரு. நம்ம மாரித்தாயி ரத்தத்தோட சேருதான்னு பாக்க வேண்டாமா, அதுக்கு இவகிட்ட இருந்து கொஞ்சம் எடுத்துக் குப்பியில தாரேன். அதக் கொண்டு போனா, அங்கன பாத்துட்டுப் பாட்டிலத் தருவாவ.

— ஆண்டவா. குடுங்க, இந்தா கெளம்பிட்டேன்.

— நில்லுங்க. ஆஸ்பத்திரி வண்டி மதுரைக்குப் போயிருக்கு. வண்டி இருந்தா டிரைவர் தாவீத அனுப்பியிருப்பேன். இப்ப உங்கள விட்டா ஆளில்ல. ஆனா உங்கள அனுப்ப எனக்குப் பயமா இருக்கு.

— நான்தான் ஒத்துக்கிட்டேனே.

— இங்கன நின்னுக்கிட்டு ஒத்துக்கிடலாம். தேவர்குளத்துல வாளிக்குள்ள கைய விடும்போது நான் பக்கத்துல இருக்க மாட்டேன். தொடுவிய. பொணத்தத் தொட்ட மாதிரிதான் இருக்கும். அப்ப என்ன செய்விய?

— தொடாம வாரேன்.

— உங்களால முடியாது. நாலு வாட்டி தொட்டுப் பாக்காம இருக்க முடியாது உங்களால. குத்தமாச் சொல்லல. அவ மேல அம்புட்டு உசுரு. நான் நேத்து சொன்னது உங்க காதுல ஏறுச்சு, மனசுல ஏறல. குளுமைன்னா ஏன் இப்படிப் பயப்படுதிய? அதச் சொல்லுங்க மொதல்ல. அது தெரியாம வாளியத் தர மாட்டேன்.

— அது பழைய கதை நர்சம்மா.

— பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு.

— எங்கம்மை. இவ பொறந்த அன்னைக்கு நல்லாத்தான் இருந்தா. ரெண்டு நாளு கழிச்சு ஒரு நடுக்கம் கண்டுச்சு. பல்லு கிட்டிப் போயி, கயித்துக் கட்டிலோட சேந்து ஆடுனா. அப்பவும் இதே சித்திரைதான், வெளிய வெயிலு கொளுத்துது. ஊருல இருந்த கம்பளி பூராக் கொண்டாந்து போத்துனாவ. நான் மேல ஏறிப் படுத்துக்கிட்டேன், எஞ் சூடாவது ஏறட்டும்னு. நடுக்கம் நிக்கல. அப்படியே போயிட்டா.

— என்ன சொன்னாவ எல்லாரும்?

— குளுமை உள்ள எறங்கிட்டுன்னாவ. ஜன்னின்னாவ. பேறுகால உடம்புக்குப் பச்சத்தண்ணியக் கண்ணுல காட்டக் கூடாதாம். யாரோ குடுத்துட்டாவ, அதான் கொண்டு போயிட்டுன்னு மருத்துவச்சி சொன்னா.

— பேறுகாலம் பாத்தது அந்த மருத்துவச்சிதானா?

— ஆமா. களையெடுத்துக்கிட்டு இருந்தவளக் காட்டுல இருந்து கூட்டியாந்தாவ. நஞ்சுக்கொடி விழல. கைய உள்ள விட்டு அவதான் எடுத்தாளாம். சித்தி சொல்லிக் கேட்டிருக்கேன்.

— காட்டுல இருந்து வந்தவ, கையக் கழுவுனாளா?

— அப்பல்லாம் ஆரு நர்சம்மா அதப் பாத்தா? சேலையில தொடச்சிருப்பா.

— அண்ணாச்சி, அதான். உங்கம்மையக் கொண்டு போனது அதுதான். அந்தக் கையோட போன கிருமி உள்ள புண்ணுல ஏறி, ரத்தத்துல பெருகிட்டு. கிருமி ரத்தத்துல பெருகுனா உடம்பு அப்படித்தான் நடுங்கும். பாக்கதுக்குக் குளுருத மாதிரி இருக்கும், ஆனா தொட்டா கொதிக்கும். உங்கம்மை மேலு கொதிச்சுச்சா இல்லியா?

— கொதிச்சுச்சு. நான் மேல படுத்திருந்தேன்லா, அடுப்புக் கல்லு மாதிரிச் சுட்டுச்சு.

— அது குளுமையா அண்ணாச்சி?

— இல்லதான்.

— இந்தப் பாட்டில இவளுக்கு ஏத்தியிருந்தா, அதே நடுக்கத்தத்தான் பாத்திருப்போம். நீங்க எதுக்குப் பயந்தியளோ அத மடியில வச்சு வளத்துக்கிட்டு வந்திருக்கிய. குளுந்த ரத்தம் ஒண்ணும் செய்யாது. சொட்டுச் சொட்டாத்தான் ஏறும். ஏறும்போதே உடம்புச் சூட்டோட கலந்துரும்.

— குளுமையினால அந்த நடுக்கம் வராது.

— வராது.

— சத்தியமா?

— எம் பைபிள் மேல வேணும்னாலும் கைய வைக்கேன்.

— ரத்தம்னா மட்டும்தான் வராதா, இல்ல எதுன்னாலுமா?

— எதுன்னாலும்தான்.

— குடிக்கது கூடவா? இப்ப ஒரு தாகத்துக்கு, அப்படிக் குளுந்ததா என்னமும் குடிச்சாக் கூட?

— குடிச்சாக் கூடத்தான். தண்ணி குடிச்சு யாரும் அப்படிச் சாவ மாட்டாவ. கேட்டதையே ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிய? இந்தாங்க வாளி, இந்தாங்க குப்பி. குப்பியும் ஐஸ்லதான் இருக்கணும். வரும்போது வழியில பஸ் நின்னா, மானூர்ல ஐஸ் கெடைக்கும், கேட்டு வாங்கிப் போடுங்க. தொட்டுப் பாருங்க, தொட வேண்டாம்னு சொல்லல. சில்லுன்னு இருந்தா அவ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிடுங்க. என்ன, வெளங்குச்சா? அண்ணாச்சி? என்ன அப்படியே நின்னுட்டிய? பஸ்ஸு போயிரும்.

— இன்னொருக்கச் சொல்லுங்க நர்சம்மா. தண்ணியால இல்லன்னு சத்தமாச் சொல்லுங்க. சித்தி எங்கிட்டச் சொல்லியிருக்கா, நான் பொறந்தப்ப அம்மைக்குப் பானையில மோந்து குடுத்தது எங்கண்ணன்தான்.